முதல் பெல்லட் அடுப்பு: கடைக்குப் போகுமுன் சுவரைப் பாருங்கள்

ஒன்ராறியோவில் எரிவாயு இணைப்புள்ள வீட்டில் இருப்பவர், செலவு குறையும் என்று நம்பிப் பெல்லட் அடுப்பு, அதாவது அழுத்திய மரத்தூள் குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் கருவி, வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். எரிவாயு அங்கே மலிவு. பேஸ்போர்ட் ஹீட்டர் என்ற சுவரடி மின்சூடாக்கி, புரொப்பேன், எண்ணெய் ஃபர்னஸ் ஆகியவற்றை நம்பியிருக்கும் வீடுகளின் கதை வேறு. நகரத்தை விட்டுத் தள்ளிப்போய், எரிவாயுக் குழாய் எட்டாத இடத்தில் வீடு வாங்கியவர்களுக்கே இந்தக் கட்டுரை அதிகம் பயன்படும்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். கனடாவில் பெல்லட் 40 இறாத்தல் மூட்டையாக வருகிறது. அதாவது 18 கிலோ. ஒரு இறாத்தலில் ஏறக்குறைய 8,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பம் இருப்பதால் ஒரு மூட்டையில் சுமார் 94 கிலோவாட் மணி. அடுப்பின் திறன் 78 சதவீதம் என்று வைத்தால் அறைக்கு வந்து சேர்வது 73. ஆகவே மூட்டை விலையை வரியோடும் ஏற்றிவரும் கூலியோடும் சேர்த்து 73ஆல் வகுங்கள். மூட்டை 9 டொலர் என்றால் ஒரு கிலோவாட் மணி வெப்பத்துக்கு 12 சதத்துக்குச் சற்று மேல். இதே முறையில் புரொப்பேன் லீற்றர் விலையை 6.5ஆலும், எண்ணெய் லீற்றர் விலையை 9ஆலும், எரிவாயு கனமீற்றர் விலையை 10ஆலும் வகுக்கலாம். பேஸ்போர்ட் ஹீட்டர் என்றால் ஹைட்ரோ பில்லின், அதாவது மின்சார பில்லின், மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்தாலே போதும். ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் மின்கருவி, உள்ளவர்கள் அந்த எண்ணை இன்னும் 2.5 அல்லது 3ஆல் வகுக்க வேண்டும். மிதமான குளிரில் ஹீட் பம்பைப் பெல்லட் அடுப்பால் வெல்வது கடினம். கடுங்குளிரில் அதற்குத் துணையாக நிற்கலாம்.

கணக்கு சரிவந்தால் மேலே போகலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

பெல்லட் என்பது மரத்தூளை உயர் அழுத்தத்தில் அச்சின் துளை வழியே தள்ளிச் செய்த, 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள குச்சி. பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்தத்தில் எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறும்போது தூளைப் பிணைத்துவிடுகிறது. தண்ணீர் பட்டால் அந்தப் பிணைப்பு போய் மீண்டும் தூளாகிவிடும்.

அடுப்பின் பின்பக்கத்திலோ மேலேயோ இருக்கும் ஹொப்பரில் பெல்லட்டைக் கொட்டுகிறோம். ஓகர் என்ற திருகுத் தண்டு, நிமிடத்துக்கு ஓரிரு சுற்று என்ற வேகத்தில் விட்டுவிட்டுச் சுழன்று, அதை எரிகிண்ணத்துக்குக் கொண்டுபோகிறது. இக்னைட்டர் என்ற சூடேற்றும் குச்சி தீ மூட்டுகிறது. விசிறிகள் இரண்டு. புகை விசிறி எரிந்த வாயுவை வெளியே இழுக்கிறது. அந்த இழுவையால்தான் எரிகிண்ணத்தின் துளைகள் வழியே புதுக் காற்று உள்ளே வருகிறது. அறை விசிறி, சூடான குழாய்களின் மேல் வீட்டுக் காற்றை ஓட்டி அறைக்குள் தள்ளுகிறது. இந்த இரண்டு காற்றும் எந்த இடத்திலும் கலக்கக் கூடாது.

இவற்றுக்குக் காவலாகச் சில சுவிட்சுகள். அடுப்புக்குள் இழுவை குறைந்தால் வெக்யூம் சுவிட்ச் ஓகரை நிறுத்தும். உடல் அளவுக்கு மீறிச் சூடானால் ஹை லிமிட் சுவிட்ச் நிறுத்தும். தீ உண்மையில் எரிகிறதா என்று புகைப்பாதையில் உள்ள உணரி பார்த்துக்கொண்டிருக்கும். ‘அடுப்பு பழுது’ என்று வரும் அழைப்புகளில் பலவற்றில் அடுப்பு பழுதாகியே இருக்காது. காற்று போகும் வழி அடைபட்டிருக்கும், காவல் சுவிட்ச் தன் வேலையைச் செய்திருக்கும். அடுப்பின் மாடலை விடப் புகைக்குழாய் போகும் வழியை முதலில் தீர்மானிக்கச் சொல்வது இதனால்தான்.

வாங்குமுன் இரண்டு தொலைபேசி அழைப்பு

முதல் அழைப்பு காப்புறுதி நிறுவனத்துக்கு. பெல்லட் அடுப்பை ஏற்கிறார்களா, பிரீமியம் கூடுமா, வெட் பரிசோதனை அறிக்கை வேண்டுமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வெட் என்பது கனடாவில் விறகு அடுப்பு பொருத்துபவர்களுக்கும் பரிசோதகர்களுக்கும் பயிற்சியும் சான்றிதழும் தரும் இலாப நோக்கற்ற அமைப்பு. அறிவிக்காமல் பொருத்திவிட்டுப் பிறகு தீ விபத்து நேர்ந்தால், இழப்பீடு மறுக்கப்பட அது ஒன்றே போதும்.

இரண்டாவது அழைப்பு நகரசபையின் கட்டடப் பிரிவுக்கு. திட எரிபொருள் அடுப்புக்குக் கட்டட அனுமதி எடுக்க வேண்டும். அவர்கள் பார்ப்பது சி.எஸ்.ஏ. பி365 என்ற பொருத்துதல் விதியையும் உற்பத்தியாளரின் கையேட்டையும். கையேட்டின் பிரதியும் வீட்டுத் தளப்படமும் கையில் இருந்தால் வேலை சுலபம். காண்டோ என்ற அடுக்குமாடி வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்கள் நிர்வாகத்தின் அல்லது உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இடம்

நல்ல இடம் என்றால் வெளிச்சுவரை ஒட்டியது, குடும்பம் அதிக நேரம் இருக்கும் அறையில் உள்ளது, நிலத்தோடு இணைத்த 120 வோல்ட் பிளக் அருகில் இருப்பது. பெல்லட் அடுப்பு ஓர் இடத்தைச் சூடாக்கும் கருவி. மூடிய கதவைத் தாண்டி வெப்பம் போகாது. சூட்டை வீடெங்கும் பரப்ப விரும்புபவர்கள், குளிர்ந்த அறையின் தரையில் சிறு மேசை விசிறி ஒன்றை வைத்து அங்கிருக்கும் குளிர்காற்றை அடுப்பு இருக்கும் பக்கம் தள்ளினால், அதன் இடத்தை நிரப்பச் சூடான காற்று மேலாகப் போகும். சூட்டை நேரே தள்ளுவதை விட இது நன்றாக வேலை செய்யும்.

பேஸ்மென்டில் வைத்தால் மேல்மாடி தானாகச் சூடாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். காப்புப் போடாத கொங்கிரீற் சுவர் அந்தச் சூட்டில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். போதாததற்கு, பேஸ்மென்டிலிருந்து குழாயை நிலமட்டத்துக்கு மேல் கொண்டுவர வேண்டும். குழாய் நீளும், வளைவுகளும் கூடும்.

சுவருக்கு வெளியே போய் நின்று பாருங்கள். யன்னல் எங்கே, கதவு எங்கே, எரிவாயு அல்லது புரொப்பேன் ரெகுலேட்டர் எங்கே, காற்று உள்ளிழுக்கும் துவாரம் எங்கே, பக்கத்து வீடு எவ்வளவு தூரம், பனி எவ்வளவு உயரம் குவிகிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வெளிமுனைக்குப் பல கையேடுகள் கேட்கும் இடைவெளி இது: திறக்கக்கூடிய யன்னல், கதவு ஆகியவற்றுக்குப் பக்கவாட்டிலும் கீழேயும் 4 அடி, மேலே 1 அடி, நிலத்திலிருந்து குறைந்தது 1 அடி, பொது நடைபாதைக்கு மேலே 7 அடி. நிலம் என்பதைப் பனிக்குவியலின் உச்சி என்று வாசியுங்கள். ஜனவரியில் மூன்றடி பனி சேரும் பக்கம் என்றால் குழாயின் வாய் அதற்கும் மேலே இருக்க வேண்டும். உங்கள் அடுப்பின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே செல்லும்.

அடுப்பின் கீழே தீப்பற்றாத தளம் வேண்டும். கையேட்டில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் தனித்தனி அளவு இருப்பதுண்டு. கனடாவுக்குக் கதவின் முன்னால் 18 அங்குலம், பக்கங்களில் 8 அங்குலம் என்று காணலாம். கனடாவுக்கான அளவைப் படிக்கத் தவறாதீர்கள். சுவருக்கான இடைவெளி சில அங்குலமே என்று அடுப்பின் சான்றுத் தகட்டில் இருக்கலாம். ஆனால் பின்பக்க விசிறியைக் கழற்ற ஒரு கை நுழைய வேண்டுமே. இடம் இருந்தால் தாராளமாகவே விடுங்கள்.

எவ்வளவு பெரிய அடுப்பு

கடைத் தட்டியில் ‘2,200 சதுர அடி வரை’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். உங்கள் பழைய பில்லே சரியான அளவைச் சொல்லும். மின்சூடாக்கம் உள்ள வீட்டில், ஜனவரி யூனிட்டிலிருந்து செப்டம்பர் யூனிட்டைக் கழித்தால் சூட்டுக்கு மட்டும் செலவானது கிடைக்கும். அது 2,200 என்று வைப்போம். மாதத்தின் 744 மணியால் வகுத்தால் சராசரி 3 கிலோவாட். ஒரு கிலோவாட் 3,412 பி.டி.யு. என்பதால் மணிக்குச் சுமார் 10,000 பி.டி.யு. மிகக் குளிரான இரவுக்கு அதை இரட்டித்தால் 20,000. அந்த வீட்டுக்கு 50,000 பி.டி.யு. அடுப்பு தேவையே இல்லை.

பெரியது இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அடுப்பின் மிகக் குறைந்த வேகமே வீட்டுக்கு அதிகமானால், அது அணைந்து அணைந்து பற்றும்; இக்னைட்டர் விரைவில் போகும்; மந்தமான தீயில் கரி படியும். உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல் குறைந்த எண்ணையும் கேளுங்கள். அதோடு, தகட்டில் இருப்பது உள்ளீடா வெளியீடா என்றும் கேளுங்கள். மணிக்கு 5 இறாத்தல் எரித்தால் உள்ளீடு 40,000. 78 சதவீதத் திறனில் அறைக்கு வருவது 31,000தான்.

மற்றவை சுருக்கமாக. ஹொப்பர் குறைந்தது ஒன்றரை மூட்டை, அதாவது 60 இறாத்தல் கொள்வது நல்லது. ஒரு மூட்டையை முழுவதாகக் கொட்டிவிடலாம், பாதி மூட்டை மூலையில் கிடக்காது. பெல்லட் மேலிருந்து விழும் வகை, கீழிருந்து அல்லது பக்கத்திலிருந்து தள்ளப்படும் வகை என்று இரண்டு உண்டு. இரண்டாவது வகை சாம்பலைத் தானே முன்னால் தள்ளிவிடுவதால் மட்டமான பெல்லட்டையும் ஓரளவு தாங்கும். விலை பொதுவாகக் கூட. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020 மே மாதம் முதல் மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் வெளியிடும் புதிய அடுப்புகளை விற்கவிடுவதில்லை. கனடியக் கடைகளிலும் அந்தச் சான்று உள்ள மாடலையே கேளுங்கள்.

பாவித்த அடுப்பு மலிவாகக் கிடைக்கும். பின்பக்கச் சான்றுத் தகடு இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பரிசோதகர் ஏற்கமாட்டார். தகடு இருந்தாலும், எரிகிண்ணம் உருக்குலைந்திருக்கிறதா, கட்டுப்பாட்டுப் பலகை இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் உங்கள் கண்முன் பற்றவைத்து, அரை மணிநேரம் ஓடவிட்டு, முறைப்படி அணைத்துக் காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் எரிந்ததைப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை.

புகைக்குழாய்

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. பெல்லட் வென்ட் அல்லது எல் வகை என்ற இரட்டைச் சுவர்க் குழாய்தான் வேண்டும்: உள்ளே துருவேறா உருக்கு, வெளியே கல்வனைஸ் தகடு, இடையில் காற்று. எரிவாயுக் கருவிக்கான பி வகைக் குழாயின் உட்சுவர் அலுமினியம்; பெல்லட் புகை அதை அரித்துவிடும். துணி உலர்த்தும் டிரையரின் குழாயைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மூன்று அங்குலமா நான்கு அங்குலமா என்பதைச் சமநீளக் கணக்கு தீர்மானிக்கும். கிடையாக ஓடும் ஒவ்வோர் அடிக்கும் 1. செங்குத்தாக ஏறும் ஒவ்வோர் அடிக்கும் அரை. எல்போ என்ற வளைவுத் துண்டு 45 பாகை என்றால் 3. 90 பாகை எல்போவுக்கும், T வடிவ டீ இணைப்புக்கும் 5. கூட்டுத்தொகை 15ஐத் தாண்டினால் நான்கு அங்குலக் குழாய்.

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். அடுப்பின் பின்னால் டீ ஒன்று: 5. அங்கிருந்து அறைக்குள்ளேயே 5 அடி மேலே: 2.5. எல்போ ஒன்று: 5. சுவரைக் கடந்து 2 அடி வெளியே: 2. மொத்தம் 14.5. மூன்று அங்குலமே போதும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. மழைநீர்க் குழாயைத் தவிர்க்க இன்னோர் எல்போ சேர்த்தால் 19.5, அடுப்பின் வாயிலேயே நான்கு அங்குலத்துக்கு மாற்றிவிட வேண்டும். எல்போ சேர்ப்பதை விட அடுப்பை ஓரடி நகர்த்துவது எப்போதும் மேல்.

அடுப்பிலிருந்து நேரே பின்னால் சுவரைத் துளைத்து வெளியே விட்டால் இன்னும் மலிவு. பலர் அப்படித்தான் செய்கிறார்கள், சில கையேடுகளும் அனுமதிக்கின்றன. ஆனால் மின்சாரம் போகும்போது புகை விசிறி நின்றுவிடும். எரிகிண்ணத்தில் எஞ்சிய பெல்லட் சிறிது நேரம் புகைந்துகொண்டேயிருக்கும். குழாய்க்கு உயரம் இல்லையென்றால் அந்தப் புகைக்கு மேலே போகும் காரணமே கிடையாது. அடுப்பின் இடுக்குகள் வழியாக அறைக்குள் வரும். மூன்றிலிருந்து ஐந்து அடிச் செங்குத்துக் குழாய், விசிறி இல்லாமலே புகையை இழுத்துக்கொள்ளும். குளிர்காலப் புயல்களில் மின்சாரம் போகும் கிராமப்புறத்தில் இந்த ஐந்தடி ஆடம்பரம் அல்ல.

பழைய செங்கல் புகைபோக்கி இருந்தால் அதற்குள் நான்கு அங்குலத் துருவேறா உருக்கு உட்குழாயை உச்சிவரை இறக்க வேண்டும். அகன்ற புகைபோக்கிக்குள் புகையை வெறுமனே விட்டால் அது ஆறி, ஈரம் படிந்து, சாம்பல் அடித்தளத்தில் குவியும். வேறொரு கருவியின் புகைபோக்கியோடு இதைச் சேர்க்கவும் கூடாது.

வெளிக்காற்றுக் குழாய் தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நடமாடும் வீடுகளுக்குக் கட்டாயம். மற்ற வீடுகளிலும் போடுவதே எங்கள் பரிந்துரை. அடுப்பு வீட்டுக்குள்ளிருந்து காற்றை எடுத்தால், அதற்கு ஈடான குளிர்காற்று யன்னல் இடுக்குகளால் நுழைகிறது. நன்றாக அடைத்த புது வீடு என்றால், சமையலறை விசிறியும் டிரையரும் சேர்ந்து அடுப்பின் இழுவையோடு போட்டி போடும், தீ மந்தமாகும். பயன்படுத்துவது உலோகக் குழாயாக இருக்கட்டும், வெளிவாயில் எலி புகாத வலை இருக்கட்டும், புகைக்குழாயின் வாயிலிருந்து அது தள்ளியே இருக்கட்டும்.

பொருத்தும் வரிசை

முதலில் தீப்பற்றாத தளத்தை விரித்து, அடுப்பை அதன் உண்மையான இடத்தில் நிறுத்தி மட்டம் பாருங்கள். அடுப்பின் எடை 250 முதல் 400 இறாத்தல் வரை போகும். இருவர் வேண்டும், கையுந்து வண்டியும் வேண்டும்.

குழாய்ப் பாகங்களைச் சுவரில் சாய்க்காமல் தற்காலிகமாக இணைத்து, சுவரைச் சந்திக்கும் புள்ளியைக் குறியுங்கள். ஸ்டட் கண்டறியும் கருவியால் மரச்சட்டங்களைத் தேடுங்கள். சட்டம் குறுக்கே வந்தால் சட்டத்தை வெட்ட வேண்டாம், அடுப்பை நகர்த்துங்கள். சுவருக்குள் மின்கம்பி இருக்கிறதா என்று சிறு துளையிட்டுப் பார்த்த பிறகே பெரிய வெட்டு.

திம்பிள் என்ற சுவர்க்கூடு குழாயை மரத்திலிருந்து தள்ளி வைப்பதற்கானது. வெட்டும் அளவு அதன் பெட்டியிலேயே இருக்கும். வெட்டிய இடத்தில் ஈரத்தடுப்புத் தாளைத் திம்பிளோடு ஒட்டி அடைக்காவிட்டால் சுவருக்குள் ஈரம் சேரும். வெளித்தகட்டின் மேல்விளிம்பையும் பக்கங்களையும் வெளிப்புற சிலிக்கோனால் அடைத்து, கீழ்விளிம்பைத் திறந்து விடுங்கள். உள்ளே போன நீர் வெளியேற வழி வேண்டும்.

பிறகு அடுப்பின் வாயிலிருந்து தொடங்கி இணைப்பான், துப்பரவு மூடியுள்ள டீ, செங்குத்துக் குழாய், எல்போ, கிடைக்குழாய், வெளிமுனை என்று போங்கள். கேஸ்கட் என்ற அடைப்பு வளையம் இல்லாத குழாய் என்றால் ஒவ்வோர் இணைப்பிலும், முக்கியமாக அடுப்பின் வாயில், உயர்வெப்ப சிலிக்கோன் பூச வேண்டும். மரக்கட்டை அடுப்பின் குழாயில் உள்ளே இழுவை இருக்கும். சிறு ஓட்டை காற்றை உள்ளிழுக்கும். பெல்லட் குழாயில் விசிறி தள்ளுகிறது. ஓட்டை இருந்தால் புகை வெளியே வரும். ஸ்குரூ போட்டால் கால் அங்குலத்துக்கு மேல் நீளம் வேண்டாம், உட்சுவர் துளைபட்டுவிடும். கிடைக்குழாய் வெளிமுனை நோக்கி, அடிக்குக் கால் அங்குலம் மேலேறட்டும்.

வெளிக்காற்றுக் குழாயை மாட்டுங்கள். அடுப்பை நீட்டிப்பு வயரில் செருகாமல் சுவர்ப் பிளக்கில், நல்ல சேர்ஜ் புரொடெக்டர் வழியாகச் செருகுங்கள். இந்தக் கருவியில் மின்னோட்ட ஏற்றத்தாழ்வில் முதலில் சாவது விலைகூடிய கட்டுப்பாட்டுப் பலகைதான். படுக்கையறைகளுக்கு அருகிலும் ஒவ்வொரு மாடியிலும் கார்பன் மோனாக்சைட் அலாரம் இருக்க வேண்டும். அனுமதிப் பரிசோதனை முடியுமுன் தீ மூட்டாதீர்கள்.

முதல் தீ

ஹொப்பரில் அரை மூட்டை போதும். ஓகர் வெறுமையாக இருப்பதால் முதல் பெல்லட் கிண்ணத்தில் விழப் பல நிமிடம் ஆகும். பல அடுப்புகளில் இதற்குத் தனிப் பொத்தான் உண்டு. தீ பிடிக்காவிட்டால், கிண்ணத்தில் குவிந்ததை வெளியே எடுத்துவிட்டே மறுபடி முயல வேண்டும். குவியலோடு மீண்டும் பற்றவைத்தால் புகை வாயு அடுப்புக்குள் திரண்டு ஒரேயடியாகப் பற்றும். கண்ணாடி உடைந்த சம்பவங்கள் உண்டு. எடுத்ததை ஹொப்பருக்குள் திரும்பப் போடவும் கூடாது, அதில் கனல் இருக்கலாம்.

முதல் ஓரிரு மணி நேரம் பெயின்ற் வேகும் நாற்றம் வரும். யன்னலைத் திறந்து வைத்து உச்ச வேகத்தில் ஓடவிடுங்கள். கதவு இடுக்குகளையும் குழாய் இணைப்புகளையும் டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். புகை இழை தெரிந்தால் அணைத்துவிட்டு அடையுங்கள். அணைப்பது எப்போதும் பொத்தானால். பிளக்கைப் பிடுங்கினால் புகை விசிறியும் நின்றுவிடும்.

பெல்லட் வாங்குதல்

ஒரு டன் என்பது 50 மூட்டை. மணிக்கு ஓர் இறாத்தல் வேகத்தில் ஒரு மூட்டை 40 மணிநேரம், நான்கு இறாத்தலில் 10 மணிநேரம். முக்கிய வெப்பமாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு பருவத்தில் 2 முதல் 4 டன் போகும். முதல் வருடம் மூன்று பிராண்டில் ஐந்தைந்து மூட்டை எரித்துப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குவது நல்லது. கோடையின் முடிவில் விலையும் இருப்பும் வசதியாக இருக்கும்; ஜனவரியில் கடைத்தட்டு காலியாகிவிடுவதுண்டு.

மூட்டையில் சாம்பல் 1 சதவீதத்துக்குக் கீழே, ஈரம் 8 அல்லது 10 சதவீதத்துக்குக் கீழே என்று தரமுத்திரை இருக்க வேண்டும். 0.5 சதவீதச் சாம்பல் என்றால் ஒரு மூட்டைக்கு 90 கிராம். மூட்டையைப் பிரித்துச் சல்லடையில் கொட்டிப் பாருங்கள். அடியில் தூள் ஒரு கைப்பிடிக்கு மேல் தங்கினால் அந்தத் தூள் ஓகரில் சேர்ந்து இறுகும். வன்மரம், மென்மரம் என்ற சண்டையில் அர்த்தமில்லை. மென்மரம் குழாயில் பிசின் படியவைக்கும் என்பது ஈர விறகின் காலத்துப் பயம். காய்ந்து அழுத்தப்பட்ட பெல்லட்டில் மென்மரம் பல வேளை சூடும் கூட, சாம்பலும் குறைவு. பாபிகியூ பெல்லட், குதிரைக்கொட்டில் பெல்லட் இரண்டையும் போடாதீர்கள்.

கொங்கிரீற் தரையில் நேரே அடுக்கினால் ஈரம் ஏறும்; மரப்பலகை மேல் அடுக்குங்கள். பெல்லட் சேமிப்பிலிருந்து கார்பன் மோனாக்சைட் கசிவதுண்டு. காற்றோட்டமுள்ள கராஜில் சில டன் மூட்டைகளால் பிரச்சினை வராது. காற்றுப் புகாத சிற்றறையில் கூரைவரை அடுக்குவது வேறு.

துப்பரவு

ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருமுறை, அடுப்பு முழுதாக ஆறிய பிறகு, எரிகிண்ணத்தைச் சுரண்டி எல்லாத் துளைகளிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடியைத் துடையுங்கள், வெப்பக்குழாய்களின் சுரண்டுகோலைச் சில தடவை இழுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சாம்பல் தட்டும் உட்தகடுகளின் பின்புறமும். ஒவ்வொரு டன்னுக்கும் குழாயைத் தூரிகையால் துடைத்து, டீயின் கீழ்மூடியைத் திறந்து கொட்டுங்கள். புகை விசிறியின் இதழ்களில் படிந்ததையும் அப்போதே சுரண்டிவிடலாம்.

வீட்டு வெக்யூம் கிளீனரில் சாம்பலை இழுக்காதீர்கள். நுண்சாம்பல் மறுபக்கம் அறைக்குள் பறக்கும். ஒரு கனல் போதும், பை எரியும். சாம்பல் இழுப்பதற்கென்றே விற்கும் கருவி வேண்டும். எடுத்த சாம்பலை இறுக்கமான மூடியுள்ள உலோக வாளியில், வீட்டுக்கு வெளியே, மரத்தளம் அல்லாத இடத்தில் சில நாள் விடுங்கள்.

வருடம் ஒருமுறை கதவுக் கேஸ்கட்டில் தாள்துண்டு ஒன்றை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது, கேஸ்கட்டை மாற்றுங்கள்.

என்ன கெடும், ஏன்

தீ நீண்டு, செம்மஞ்சளாய், சோம்பலாக ஆடி, கண்ணாடி கறுத்தால் காற்று போதவில்லை. நல்ல தீ குட்டையாக, வெளிர்மஞ்சளாக, துடிப்போடு எரியும். துளைகள், உட்தகடுகளின் பின்னால் உள்ள சாம்பல் பொறிகள், குழாய், கதவுக் கேஸ்கட் என்ற வரிசையில் தேடுங்கள். நான்கும் சரியென்றால் பிராண்டை மாற்றிப் பாருங்கள்.

கிண்ணத்தில் கண்ணாடிபோல் இறுகிய கட்டி சேர்வது, பெல்லட்டில் கலந்த மண்ணும் மரப்பட்டையும் உருகுவதால். காற்று குறைந்தாலும் இது கூடும்.

ஓகர் சுழலவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றுமுன் ஹொப்பர் மூடியும் கதவும் இறுக மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து வெக்யூம் சுவிட்ச்சுக்குப் போகும் சிறு ரப்பர் குழாய். அதன் முனையில் சாம்பல் அடைப்பது மிகச் சாதாரணம். பிறகு ஹை லிமிட் சுவிட்ச்சின் மீட்டமைப்புப் பொத்தான். ஓகர் சுழன்றும் பெல்லட் வரவில்லை என்றால் ஹொப்பருக்குள் பெல்லட் பாலம்போல் நின்று கீழே வெறுமையாகியிருக்கும், அல்லது தூள் இறுகியிருக்கும்.

பற்றி எரிந்து, பதினைந்து இருபது நிமிடத்தில் தானே அணைந்தால், தீ இருப்பதை உணரி அறியவில்லை. அதன் மேல் சாம்பல் போர்த்தியிருக்கலாம், இடம் விலகியிருக்கலாம், உண்மையிலேயே தீ பலவீனமாக இருக்கலாம்.

பற்றவே இல்லை, ஆனால் தீ மூட்டும் ஜெல் ஊற்றி மூட்டினால் நன்றாக ஓடுகிறது என்றால் இக்னைட்டர் போய்விட்டது. பிளக்கைக் கழற்றி மீற்றரால் அளந்தால், 300 வாட் குச்சிக்குச் சுமார் 48 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் மாற்றுங்கள். இது தேய்ந்து போகும் பாகம், ஒன்றை வாங்கி வைத்திருக்கலாம்.

மின்சாரம் போனால்

ஓடும்போது அடுப்புக்கு 100 முதல் 175 வாட் போதும். பற்றும்போது இக்னைட்டருக்கு மேலும் 300, 400 வாட் தேவை. 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி ஈய பற்றரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 600 வாட் மணி. 150 வாட்டில் நான்கு மணிநேரம் ஓடும். இன்வெர்ட்டர் சுத்த சைன் அலை வகையாக இருக்க வேண்டும். மலிவு வகையில் மோட்டார்கள் முனகும், பலகை குழம்பும். ஜெனரேற்றர் என்றால் வீட்டுக்கு வெளியே, யன்னல்களுக்கு எட்டத்தில்.

இவை எதுவும் இல்லாமல் மின்சாரம் போய்விட்டால் அடுப்பின் கதவைத் திறக்காதீர்கள்; செங்குத்துக் குழாய் புகையை இழுத்துக்கொள்ளும். மின்சாரம் திரும்பியதும் சில மாடல்கள் தாமே மீண்டும் பற்ற முயலும். கிண்ணத்தில் எரியாத பெல்லட் குவிந்திருந்தால் ஆறும்வரை காத்திருந்து, அதை வெளியே எடுத்த பிறகே தொடருங்கள். பற்றரி வாங்கியவர்கள் ஒக்டோபரிலேயே ஒருமுறை அடுப்பை இன்வெர்ட்டரில் செருகி, பற்றுவதிலிருந்து அணைவது வரை முழுச் சுற்றையும் ஓட்டிப் பாருங்கள். சில கட்டுப்பாட்டுப் பலகைகள் இன்வெர்ட்டர் மின்சாரத்தை ஏற்காமல் பிழைக் குறியீடு காட்டும். அப்போது இன்வெர்ட்டரை மாற்றிக்கொள்ளக் கடையும் திறந்திருக்கும், நேரமும் இருக்கும்.